ஒரு கூப்பன், ஏழு கருவிகள்

சென்ற ஆவணியில் நண்பர் இல்லத் திருமணத்துக்காக அமராவதிபுதூர் சென்றிருந்தேன். காரைக்குடிக்கு அருகே உள்ள செட்டிநாட்டுச் சிற்றூர் அது, தமிழறிஞர் ராய. சொக்கலிங்கம் பிறந்த ஊர் என்றால் சிலருக்கு உடனே விளங்கும். திருமண வீட்டில் கால் வைக்க இடமில்லை. எனவே, வெளியூர் விருந்தினர்களுக்குப் பழைய வீடொன்றை விடுதியாக மாற்றியிருந்த ஓரிடத்தில் அறைகள் ஏற்பாடு செய்திருந்தார் நண்பர். நான், மனைவி, சென்னை நிறுவனமொன்றில் பணிபுரியும் மகள், பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுப் பொறியியல் கலந்தாய்வில் காத்திருந்த தம்பி மகன் என நாங்கள் நால்வர். எங்களிடம் இரண்டு மடிக்கணினிகள், நான்கு கைப்பேசிகள், ஒரு கைக்கணினி என ஏழு கருவிகள் இருந்தன.

விடுதியில் இணைய இணைப்புக்குத் தனிக் கட்டணம். நாளொன்றுக்கு 150 ரூபாய். ஒரு கூப்பனுக்கு ஒரு கருவி. மொத்தம் மூன்று ஜிபி. வெந்நீர் காலை ஆறு முதல் எட்டு வரை என்று எழுதியிருந்த அதே பலகையில் இதுவும் எழுதப்பட்டிருந்தது. ஏழு கருவிகளுக்கு நாளொன்றுக்கு 1,050 ரூபாய் கொடுக்க எந்தக் குடும்பத் தலைவனுக்கும் மனம் வராது. தொலைத்தொடர்புப் பணியில் முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் என்பதால் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஒரே ஒரு கூப்பனை வாங்கிக்கொண்டு அறைக்குத் திரும்பினேன்.

கைப்பேசியில்தான் இணையம் இருக்கிறதே, விடுதியின் வைஃபை எதற்கு என்று வாசகர் கேட்கலாம். செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களைப் பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு முழங்கை நீளத்துக்கும் மேலான கனத்தில் எழுப்பப்பட்டவை அவை. வெயிலை உள்ளே விடாத அந்தச் சுவர்கள் கைப்பேசிக் கோபுரத்தின் அலைகளையும் உள்ளே விடுவதில்லை. தெருவுக்கு வந்தால் இரண்டு கோடுகள் தெரியும். முகப்பில் ஒரு கோடு. வளவைத் தாண்டி இரண்டாம் கட்டுக்குப் போனால் அதுவும் இல்லை. வைஃபையின் நிலையும் ஏறத்தாழ இதுதான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை ஓரளவு சுவரைத் துளைத்து வரும். அதைவிட வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலை ஒரு சுவரிலேயே களைத்துப்போகும். எங்கள் அறைவாசலில் விடுதிக்காரர் ஒரு சிறு கருவியை மாட்டி வைத்திருந்ததால் அங்கே மட்டும் இணைப்பு நன்றாக இருந்தது.

கூப்பன் ஒரு கருவிக்கு மட்டும்தான் என்பதை விடுதியின் இயந்திரம் எப்படி அறிகிறது? விடுதியின் வைஃபையில் நாம் சேர்ந்தவுடனே நமது கருவிக்கு ஒரு தாற்காலிக முகவரி கிடைத்துவிடும். ஆனால், வாயிலில் இருக்கும் இயந்திரம் நம்மை வெளியே விடாது. நாம் எந்த இணையதளத்தைத் திறக்க முயன்றாலும், அதற்குப் பதிலாகக் கூப்பன் எண்ணைக் கேட்கும் பக்கம் வந்து நிற்கும். எண்ணைக் கொடுத்தவுடன், அந்த இயந்திரம் நமது பெயரையோ முகத்தையோ நினைவில் கொள்வதில்லை. கருவியின் வைஃபை உறுப்புக்குரிய 'மேக் முகவரி' என்ற அடையாளத்தைக் குறித்துக்கொள்கிறது. பன்னிரண்டு எழுத்துகளும் எண்களும் கலந்த அடையாளம் அது. இனி அந்த அடையாளத்துடன் வருவதை மட்டும் வெளியே விடும். அதே கூப்பன் எண்ணை இன்னொரு கருவியில் இட்டால் 'ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது' என்று மறுத்துவிடும்.

(இதில் இப்போது ஒரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 முதல், கைப்பேசிகள் தமது உண்மையான மேக் முகவரியைச் சொல்வதில்லை. ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு புனைமுகவரியைக் காட்டுகின்றன. பின்தொடர்வோரிடமிருந்து நம்மைக் காக்கும் நல்ல ஏற்பாடுதான். ஆனால், அந்தப் புனைமுகவரி இடையில் மாறிவிட்டால், காசு கொடுத்து வாங்கிய கூப்பன் நம்மையே அந்நியராகக் கருதும்.)

வாயிலில் ஒரு கருவியைத்தான் விடுவார்கள் என்றால், அந்த ஒரு கருவியையே நமக்கு வாயிலாக்கிக்கொள்வதுதான் வழி. என் மடிக்கணினியில் கூப்பனை இட்டு, அதன் 'மொபைல் ஹாட்ஸ்பாட்' வசதியை இயக்கினேன். இது புதிய வித்தை அன்று. 1999-இல் வெளியான விண்டோஸ் 98-இன் இரண்டாம் பதிப்பிலேயே இணைப்பைப் பகிரும் வசதி இருந்தது. அன்று கம்பி தேவைப்பட்டது; இன்று தேவையில்லை, அவ்வளவே. மற்ற ஆறு கருவிகளும் என் மடிக்கணினியின் வைஃபையில் சேர்ந்தன. விடுதியின் கண்ணுக்கு இருந்தது ஒரே கருவி.

உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ள நாங்கள் தங்கியிருந்த வீடே போதும். செட்டிநாட்டில் மகனுக்குத் திருமணமான பின் அவனையும் மருமகளையும் தனிச் சமையலில் அமர்த்துவதை 'வேறு வைத்தல்' என்பார்கள். அடுப்பு வேறு, கணக்கு வேறு, உள்ளறை வேறு, வீடு ஒன்றே. மணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு 'புள்ளி'. ஒரே வீட்டில் பல புள்ளிகள் இருக்கலாம். ஆனால், தெருவுக்குத் தெரியும் கதவு எண் ஒன்றுதான். ரங்கூனிலிருந்தோ கொழும்பிலிருந்தோ கடிதம் வந்தால் தபால்காரர் முகப்போடு திரும்பிவிடுவார். எந்தக் கடிதம் எந்தப் புள்ளிக்கு என்று பார்த்துக் கொடுப்பது முகப்பில் இருப்பவரின் பொறுப்பு.

என் மடிக்கணினி அன்று செய்தது இந்த முகப்பு வேலையைத்தான். தன்னிடம் சேர்ந்த ஆறு கருவிகளுக்கும் உள்ளுக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரிகளைத் தானே வழங்கியது. மகளின் கணினி வெளியே ஒரு கோரிக்கை அனுப்பினால், அனுப்புநர் முகவரியை அழித்துவிட்டுத் தன் முகவரியை எழுதியது. கூடவே ஒரு குறிப்பு எண்ணையும் இட்டு, 'இந்த எண் மகளின் கணினிக்கு உரியது' என்று தன் பேரேட்டில் பதிந்துகொண்டது. பதில் வந்தபோது பேரேட்டைப் பார்த்து உரியவரிடம் சேர்த்தது. நுட்ப மொழியில் இதற்கு 'முகவரி மாற்றம்' என்று பெயர். ஒரே முகவரிக்குப் பின்னே அறுபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட குறிப்பு எண்களை இப்படி வைத்துக்கொள்ள முடியும்.

இந்த முறை திருட்டுத்தனத்துக்காகப் பிறந்ததும் அன்று. இணையத்தின் பழைய முகவரி முறையில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தாம் உண்டு. அவை உலகுக்குப் போதமாட்டா என்பது 1990-களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. 1994-இல் இந்த மாற்றுமுறை முன்மொழியப்பட்டது. அதே ஆண்டில் வீடுகளும் நிறுவனங்களும் உள்ளுக்குள் விருப்பம்போல் பயன்படுத்திக்கொள்ள சில முகவரித் தொகுதிகள் ஒதுக்கப்பட்டன. உங்கள் வீட்டு ரூட்டரில் 192.168 என்று தொடங்கும் எண்ணைப் பார்த்திருப்பீர்களே, அது இந்த ஒதுக்கீட்டில் வந்ததுதான்.

ஒரே இணைப்பைப் பலர் பகிரக் கூடாது என்று பலகை எழுதிவைத்திருக்கும் விடுதி, தான் வாங்கிய ஒரே இணைப்பை எல்லா அறைகளுக்கும் இதே முறையில்தான் பங்கிட்டுக் கொடுக்கிறது. அந்த விடுதிக்கு இணைப்புக் கொடுக்கும் நிறுவனமும் பல நேரங்களில் ஒரே முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டே கொடுக்கிறது. பங்காளி, பங்காளிக்குள் பங்காளி. அந்த வரிசையின் கடைசியில் நானும் ஒரு முகப்பைத் திறந்தேன் என்பதுதான் என் வாதம். அன்று காலை அது எனக்கு வலுவான வாதமாகவே தோன்றியது.

விடுதியால் இதைக் கண்டுபிடிக்க முடியாதா என்றால், முடியும். இணையத்தில் செல்லும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்திலும் ஓர் ஆயுள் எண் உண்டு. வழி தவறிய பொட்டலம் முடிவின்றிச் சுற்றாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. விண்டோஸ் கணினியில் அது பெரும்பாலும் 128-இல் தொடங்கும். ஆண்ட்ராய்டிலும் ஆப்பிளிலும் 64-இல். ஒரு வாயிலைக் கடக்கும்போதெல்லாம் ஒன்று குறையும். என் மடிக்கணினியின் சொந்தப் பொட்டலம் 128 என்று போக, மனைவியின் கைப்பேசியிலிருந்து என் வழியாகப் போவது 63 என்று போகும். இதைக் கவனிக்கும் இயந்திரத்துக்கு உள்ளே ஒரு முகப்பு இருப்பது புலப்பட்டுவிடும். பெரிய நிறுவனங்கள் கவனிக்கின்றன. சிற்றூர் விடுதிக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.

அன்று முற்பகல் எல்லாம் நன்றாகவே நடந்தது. மகள் அலுவலகக் கூட்டத்தில் கலந்துகொண்டாள். படம் அவ்வப்போது உறைந்தது. அதற்கும் காரணம் உண்டு. மடிக்கணினியில் வைஃபை உறுப்பு ஒன்றுதான். அதே அலைவரிசையில் விடுதியிடமிருந்து வாங்கி, அதே அலைவரிசையில் எங்களுக்கு வழங்க வேண்டும். வாங்கும்போது கொடுக்க முடியாது, கொடுக்கும்போது வாங்க முடியாது. ஆகவே, வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும்.

நண்பகலில் அடுத்த அறையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். திருமணத்துக்காகப் பினாங்கிலிருந்து பேரனுடன் வந்தவர். "தம்பி, ஊருக்கு ஒரு வார்த்தை பேசணும். நம்ம சிம் இங்க வேலை செய்யல, செஞ்சாலும் காசு பிடுங்குது. உங்ககிட்ட லைன் இருக்குன்னு பையன் சொல்றான்" என்றார். திருமண வீட்டுக்கு வந்த இடத்தில், எழுபதைத் தாண்டியவரிடம் 'நீங்களும் 150 ரூபாய்க்குக் கூப்பன் வாங்குங்கள்' என்று யாரால் சொல்ல முடியும்? கடவுச்சொல்லைப் பேரனின் கைப்பேசியில் நானே தட்டிக் கொடுத்தேன். பெரியவர் வீட்டாரிடம் பேசிவிட்டு, மகிழ்ச்சியோடு பந்திக்குப் போனார்.

தம்பி மகன் தன் விருப்பக் கல்லூரிகளின் பட்டியலைக் கலந்தாய்வு இணையதளத்தில் உறுதிசெய்ய அன்று மாலைதான் கடைசி. எந்தக் கல்லூரி முதலில், எந்தப் பிரிவு அடுத்து என்று அப்பாவுடன் பேசிப் பேசி, வரிசையை மாற்றி மாற்றி, ஐந்தரை மணிக்குத்தான் உட்கார்ந்தான். பக்கம் திறக்கவில்லை. மறுபடி முயன்றான், அதற்குப் பதில் கூப்பன் கேட்கும் பக்கம் வந்து நின்றது. மூன்று ஜிபி தீர்ந்துபோயிருந்தது.

பினாங்குப் பேரன் மூன்று நாள்களாக ஆத்தங்குடித் தரைக்கற்களையும் தேக்குத் தூண்களையும் எடுத்துத் தள்ளிய நூற்றுக்கணக்கான படங்களும் காணொலிகளும் அவனுடைய கைப்பேசியில் இருந்தன. வைஃபை கிடைத்தால் அவற்றைத் தொலைதூரக் கிடங்குக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது அந்தக் கைப்பேசிக்கு எப்போதோ கொடுக்கப்பட்ட கட்டளை. கைப்பேசி அதைப் பணிவுடன் நிறைவேற்றியிருந்தது. அவனுக்கே அது தெரியாது. பையனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அளவுள்ள இணைப்பைப் பகிர்பவர், ஒவ்வொரு கருவியிலும் அந்த வைஃபையை 'அளவிடப்பட்டது' என்று குறித்துவைக்க வேண்டும்; அப்படிச் செய்தால் காப்புப் பிரதிகளும் மென்பொருள் புதுப்பிப்புகளும் பெரும்பாலும் காத்திருக்கும். முப்பது ஆண்டுப் பணி அனுபவம் உள்ள நான் அதைச் செய்யவில்லை.

மேலாளரிடம் ஓடினேன். இருபத்தைந்து வயது இருக்கும். "சார், கூப்பன் போடுறது ஓனர் போன்லதான். அவர் மதுரை போயிருக்கார், எடுக்கமாட்டேங்கிறார்" என்றார். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. தெருவில் குடையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கோடு அலையில், ஒரு பையனின் நான்காண்டுப் படிப்பைக் கைப்பேசித் திரையில் வரிசைப்படுத்துவது என்ன துணிச்சல் என்று எண்ணிப் பார்த்தேன். தம்பி மகன் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் என்னை அதிகம் வருத்தியது. காலையில் நான் ஆயுள் எண்ணைப் பற்றி அவனுக்கு விளக்கியபோது, அவ்வளவு ஆர்வமாகக் கேட்டவன் அவன்.

மேலாளர் ஒரு கணம் யோசித்துவிட்டு, தம் மேசையை விட்டு எழுந்தார். "தம்பி, இங்க உட்காருப்பா. இது கேபிள்ல ஓடுது" என்று அலுவலகக் கணினியைக் காட்டினார். பட்டியல் உறுதியானபோது மணி ஆறு இருபது.

அவன் தட்டச்சு செய்துகொண்டிருந்த நேரத்தில், மேசையில் திறந்திருந்த விடுதிப் பதிவேட்டைப் பார்த்தேன். அறை எண், என் பெயர், ஆதார் நகல், நான் காலையில் பெற்ற ஒருமுறைக் கடவுச்சொல்லுக்குரிய கைப்பேசி எண். கூப்பன் எண் எதிரே என் கையெழுத்து. பினாங்குப் பையன் அன்று என்ன செய்திருந்தாலும், அது என் பெயரில் நடந்ததாகவே இருந்திருக்கும்.

இதை வெறும் அச்சம் என்று தள்ளிவிட முடியாது. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்புகள் நிகழ்வதற்குச் சில நிமிடங்களுக்கு முன் ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அது புறப்பட்ட முகவரியைத் தேடிச் சென்ற காவல் துறையினர் நவி மும்பையின் சான்பாடாவில் ஓர் அமெரிக்கரின் குடியிருப்பை அடைந்தார்கள். பூட்டில்லாமல் கிடந்த அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். அவருக்குக் குற்றத்தில் தொடர்பில்லை என்பது தெளிவாகும்வரை அவர் விசாரணைகளைச் சந்திக்க வேண்டியிருந்தது. முகவரி மாற்றத்தின் மறுபக்கம் இது. தெருவிலிருந்து பார்ப்பவருக்குக் கதவு எண்தான் தெரியும். உள்ளே எந்தப் புள்ளி என்பது தெரியாது. என் மடிக்கணினியின் பேரேடோ சில நிமிடங்களில் தானாக அழிந்துவிடும். யார் எதைக் கேட்டார்கள் என்பதை மறுநாள் என்னாலேயே மெய்ப்பிக்க இயலாது.

அந்த நிகழ்வுக்குப் பிறகு, 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை இணைய நிறுவனங்களுக்கு அறிவுறுத்தல்களை வழங்கியது. பொது இடங்களில் வைஃபை வழங்கும்போது, பயனாளர் யார் என்பதைப் புகைப்பட அடையாள அட்டை மூலமோ கைப்பேசிக் குறுஞ்செய்தி மூலமோ உறுதிசெய்ய வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. விமான நிலையத்திலும் விடுதியிலும் நம் எண்ணைக் கேட்டு ஒருமுறைக் கடவுச்சொல் அனுப்பும் நடைமுறையின் வேர் அங்கேதான் இருக்கிறது. கட்டண வசூலுக்காக மட்டும் கேட்கிறார்கள் என்றே பலரும் நினைக்கிறோம்.

அதற்காக விடுதிகளின் 'ஒரு கருவிக்கு ஒரு கட்டணம்' என்ற கணக்கு நியாயமாகிவிடாது. பாதுகாப்புக்குத் தேவை, அறையில் இருப்பவர் யார் என்ற பதிவு. அவர் கையில் எத்தனை கருவிகள் என்பது அன்று. அறைக்கு ஓர் அளவை நிர்ணயித்து, அதற்குள் தங்கியிருப்பவர் எத்தனை கருவிகளை வேண்டுமானாலும் இணைத்துக்கொள்ளட்டும் என்று விடுவதில் விடுதிக்கு எந்த இழப்பும் இல்லை. குழாயில் எத்தனை வாளி நிரப்பினோம் என்று யாரும் கணக்கெடுப்பதில்லையே. பேராசை எதுவரை போகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சான்று உண்டு. நாஷ்வில் நகரில் மேரியட் நிறுவனம் நடத்திய மாநாட்டு விடுதியில், பார்வையாளர்கள் தம் சொந்தக் கைப்பேசி வழியே ஏற்படுத்திக்கொண்ட ஹாட்ஸ்பாட் இணைப்புகளை விடுதியின் பாதுகாப்புக் கருவிகளைக் கொண்டே துண்டித்தார்கள். அதே நேரத்தில், கண்காட்சி நடத்துவோரிடம் விடுதி வைஃபைக்குக் கருவி ஒன்றுக்கு 250 முதல் 1,000 டாலர் வரை வசூலித்தார்கள். 2014 அக்டோபரில் இந்த விவகாரத்தை முடித்துக்கொள்ள அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையத்துக்கு 6 லட்சம் டாலர் செலுத்த வேண்டியதாயிற்று.

நம் நாட்டில் வேறொரு கதவு திறந்திருக்கிறது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'பிஎம்-வாணி' திட்டத்தின்படி, தேநீர்க்கடைக்காரரும் மளிகைக்கடைக்காரரும்கூட உரிமக் கட்டணமின்றித் தம் இணைப்பைச் சிறு சிறு தொகைக்கு விற்கலாம். பயனாளரின் அடையாளத்தை உறுதிசெய்வது செயலியின் வேலை; கடைக்காரர் பதிவேடு வைத்திருக்கத் தேவையில்லை. சிற்றூர் விடுதிகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை என்பது என் கருத்து. பினாங்குப் பெரியவர் தம் பெயரிலேயே பத்து ரூபாய்க்கு இணைப்பு வாங்கியிருப்பார். நானும் தருமவானாக வேண்டியிருந்திருக்காது. ஆனால், வெளிநாட்டு எண் வைத்திருப்பவருக்குக் குறுஞ்செய்தி வருவதில் இன்றும் இடர்ப்பாடு உண்டு. நம் பயணிகள் பெருகும் ஊர்களில் முதலில் சீர்செய்ய வேண்டியது அதைத்தான்.

அதுவரை, பகிர்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் இரண்டொரு செய்திகள் உள்ளன. விடுதியின் நிபந்தனையை முதலில் படியுங்கள். கருவிக்குக் கட்டணம் என்று எழுதிவிட்டால், நுட்பம் இடம் கொடுத்தாலும் ஒப்பந்தம் இடம் கொடுக்கவில்லை என்பதே பொருள். மேலாளரிடம் கேட்டால் பெரும்பாலும் இணங்கிவிடுவார்கள். குடும்பத்துக்குள் பகிர்வதும், பெயர் தெரியாதவருக்குக் கடவுச்சொல் கொடுப்பதும் ஒன்றல்ல. யாருக்கேனும் உதவ வேண்டுமென்றால் உங்கள் கைப்பேசியையே கையில் கொடுத்துப் பேசச் சொல்லலாம். அன்று எனக்கு இந்த எளிய யோசனை தோன்றவில்லை. அடிக்கடி பயணம் செய்வோர் உள்ளங்கையளவு பயண ரூட்டர் ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது. வாங்கவும் வழங்கவும் தனித்தனி உறுப்புகள் கொண்டவை அவற்றில் கிடைக்கின்றன, வேகம் பாதியாவதில்லை. வங்கிக் கணக்கு, கலந்தாய்வு போன்றவற்றை விடுதி வைஃபையை நம்பிக் கடைசி மணி நேரத்துக்கு வைக்காதீர்கள்.

மறுநாள் அறையைக் காலி செய்யும்போது அந்த மேலாளரிடம், ஒரே கூப்பனில் ஏழு கருவிகளை ஓட்டியதைச் சொன்னேன். "எட்டு சார். பக்கத்து ரூமும் சேர்த்து" என்று சிரித்தார். முன்தினம் நண்பகலில் பந்தியில் பினாங்குப் பெரியவர் என்னைப் பற்றி ஊருக்கே சொல்லியிருக்கிறார். மீதிக் கூப்பன்களுக்கான பணத்தை நீட்டியபோது, ஒன்றுக்கு மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கும் ரசீது போட்டுக் கொடுத்தார்.